பால் பத்தவில்லை என்கிறாய்

மதுரை

அன்புள்ள வசந்தி,

பேரன் பிறந்த சந்தோஷத்தை நாலு வரியில் முடித்துவிட்டு, மீதி இரண்டு பக்கமும் பால் பத்தவில்லை என்று புலம்பியிருக்கிறாய். பிரசவ வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்ட புலம்பல்தான் இது. உன் மகளுக்குச் சிசேரியன் வேறு. பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத்தான் ஆகும். அதுவரை கொஞ்சமாய், மஞ்சளாய் வருகிற சீம்பாலே போதும். முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் கேட்காது. சம்பந்தி வீட்டில் பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேன் கேட்டார்களாமே, கண்டிப்பாக வேண்டாம். ஒரு வயது வரை தேனே ஆகாது.

எடை குறைந்துவிட்டது என்று பதறாதே. முதல் சில நாளில் பத்து சதவீதத்துக்குள் குறைவது வழக்கம். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்கு வந்துவிடுவான். அழுகையை வைத்துக் கணக்குப் போடாமல், நனைகிற துணியை எண்ணு. ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு தடவையாவது நனைத்தால் பால் போய்ச் சேருகிறது.

ராத்திரி மகள் தூங்கட்டும் என்று நீ பாட்டிலோடு பேரனைத் தூக்கிப் போகிறாயே, அதை முதலில் நிறுத்து. பாட்டில் குடித்தவன் அந்த வேளை தாயிடம் குடிக்க மாட்டான். பால் தேங்கி நிற்கிற மார்பு அடுத்த வேளைக்குக் குறைவாகவே சுரக்கும். அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகச் செய்து போடு, ஆனால் சுரப்பது பிள்ளை சப்புவதால்தான். காம்பு புண்ணாகியிருக்கிறது என்றால் பிடிப்பு சரியில்லை. வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கட்டும்.

பிள்ளைக்கு நல்லது, வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் சுலபத்தில் அண்டாது என்று அவளிடம் எல்லோரும் சொல்லியிருப்பீர்கள். பெற்றவளுக்கு என்ன லாபம் என்று யாராவது சொன்னீர்களா? பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுக்கிறது என்றாளே, அது ஆக்சிடோசின் என்கிற ஹார்மோனின் வேலை. கர்ப்பப்பை சுருங்கும், உதிரப்போக்கு குறையும். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: மொத்தமாகப் பால் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறதாம். சர்க்கரை வியாதி வருகிற வாய்ப்பும் குறையும். உங்கள் குடும்பத்தில் அது பரம்பரைச் சொத்தாயிற்றே!

இதையெல்லாம் சொல்லி அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதே. துணி நனைவது குறைந்தாலோ, பிள்ளை சோம்பிக் கிடந்தாலோ, உடம்பு மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் போ. அவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொடு, பாட்டில் வேண்டாம். பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வாயைத்தான் எந்தச் சட்டமும் அடக்கவில்லை. பார்க்க வருகிறவர்களை முன்கட்டிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பு.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. மருமகள் 26 வார லீவு முடிந்து பேங்குக்குப் போகிறாள். அவள் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிற பாலை நான் பாலாடையில் புகட்டுகிறேன். பேத்தி பாதியை என் புடவையில் துப்புகிறாள். கேழ்வரகுக் கூழும் ஆரம்பித்தாயிற்று, அதற்கு மட்டும் வாயை ஆவென்று திறக்கிறாள்.

மகளை எனக்குப் போன் பண்ணச் சொல். நீ பக்கத்தில் நின்று பதில் சொல்லாதே, அவளே பேசட்டும். தை பிறந்ததும் வருகிறேன். மருந்துப்பொடி அரைத்து எடுத்து வரவா, இல்லை நீயே அரைத்துவிட்டாயா?

அன்புடன்,
மீனா