உப்புநீர் விளக்கும் ஒரு சைக்கிள் சங்கிலியும்

முத்தையன்கட்டு,
ஐப்பசி 12.

அன்புள்ள யோகன்,

ஒன்பது மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது பக்கக் கணக்கில் எழுதுகிறானே என்று முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். இங்கு எல்லோரும் சுகம். காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. பன்றித் தொல்லை வழமைபோல. ரீச்சர் உன்னுடைய ஐந்து ரூபாயை இன்னும் மறக்கவில்லை. பனி தொடங்கமுன் உன் முழங்காலைப் பார்த்துக்கொள். இனி விடயத்துக்கு வருகிறேன். கண்ணனைப் பற்றித்தான்.

ஆவணி மாதம் அவனுடைய மனச்சிதைவு நோய்க்கு ஊசி போடுவதற்காகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் வைத்தியர் வழமையான கேள்விகளை முடித்துவிட்டு, "வாற தைப்பொங்கலுக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். "பொங்குவினம்" என்றான். "நீங்கள் எங்க நிப்பீங்கள்? அடுப்பை ஆர் மூட்டுவினம்?" என்று அவர் விடாமல் கேட்க, மேசையிலிருந்த மைத்தட்டைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்துவிட்டு, "பொங்கல் எண்டால் பொங்கிறதுதானே" என்றான். திரும்பி வரும்போது, பஸ்ஸில் ஆட்கள் பார்க்கப் பார்க்க நான் அவனைப் பேசிவிட்டேன். சோறும் பாயும் கிடைத்தால் போதுமென்று இருக்கிறாய், நாளையைப் பற்றி உனக்கு ஒரு யோசனையாவது உண்டா என்றேன். அவன் கோபிக்கவில்லை. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்கு மேலும் கோபத்தைத் தந்தது.

அடுத்த முறை போனபோது, இவனுடைய சோம்பலுக்கு மருந்து ஏதும் இல்லையா என்று அந்த வைத்தியரிடம் முறையிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். மனச்சிதைவு என்றால் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் என்றுதானே நீயும் நானும் இத்தனை காலமாக எண்ணியிருந்தோம்? அந்த நோய் நினைவுக்குள்ளும் கைவைக்கிறது என்றும், நேற்றை நினைப்பதற்கும் நாளையைக் கற்பனை செய்வதற்கும் மூளை பெரும்பாலும் ஒரே சரக்கறையைத்தான் திறக்கிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நேற்றைய பொங்கலில் புகை எந்தப் பக்கம் போனது, யார் விறகைத் தள்ளினார் என்ற துண்டுகளை எடுத்துத்தான் நாளைய பொங்கலை நாம் மனத்தில் கட்டுகிறோம். துண்டுகள் கைக்கு வராதவன் எதைக்கொண்டு கட்டுவான்?

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. இவனுக்கு மறதியே கிடையாதே! வற்றாப்பளை அம்மனுக்குத் தீர்த்தக்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவந்து உப்புநீரில் விளக்கேற்றுவதை முறை பிசகாமல் சொல்லுவான். எந்த நெல்லுக்கு எத்தனை நாள் என்பதில் என்னையே திருத்துவான். அதற்கும் வைத்தியரிடம் விடை இருந்தது. கனடாவில் வாழ்ந்த என்டல் டல்விங் என்ற அறிஞர் 1972இலேயே, உலகத்தைப் பற்றிய அறிவு வேறு, நான் அங்கே நின்றேன் என்ற நினைவு வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒருவரை அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த மனிதருக்குச் சதுரங்கம் ஆடத் தெரியும், ஆனால் தான் வாழ்ந்த ஒரு நாளையும் மீட்க முடியாது. நாளை என்ன செய்வீர் என்றாலும் அதே வெறுமைதான். அவருக்கு இருந்தது மனச்சிதைவு அல்ல, இவனுடையது அந்தளவு முற்றானதும் அல்ல. ஆனாலும் எனக்கு மைத்தட்டுத்தான் கண்ணில் வந்தது.

மனச்சிதைவு உள்ளவர்களிடமே ஆர்னோ டார்ஜம்போ என்ற ஆய்வாளரும் சகாக்களும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வை அக்காவின் மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொன்னால், மற்றவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. இனி நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இன்னும் மோசம். இந்தக் குறை பொய்யான நம்பிக்கை, குரல் போன்ற அறிகுறிகளோடு சேர்ந்து காணப்பட்டதாம். கண்ணனுக்கு இப்போதும் மம்மல் பொழுதில் குரல் கேட்கிறது. நானோ அவனைச் சோம்பேறி என்று முப்பது வருடம் ஏசியிருக்கிறேன், யோகன்.

இதை எழுதும்போது ஒரு சந்தேகமும் வருகிறது. வன்னியில் யாரைத்தான் கேட்டாலும், "இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனோம்" என்றுதானே சொல்லுகிறோம்? 2009ஐ எந்த நாள் எந்த மரத்தடி என்று நானும் பிரித்துச் சொல்வதில்லை. பெரும் துயரம் கண்டவர்களிடமும் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இப்படி நினைவு பொதுப்படையாகிவிடும் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் என்னை உலுப்பினால் அந்த மரத்தடி வரும். வரக்கூடாதென்றுதான் நான் உலுப்புவதில்லை. அவனை உலுப்பினாலும் வருவதில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வைத்தியரின் யோசனைப்படி ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வோர் இரவும் அன்று நடந்த ஒரே ஒரு காரியத்தை, இடமும் ஆளும் விளங்க எழுதவேண்டும். முதல் வாரம் முழுவதும் "சாப்பிட்டேன், படுத்தேன்". எட்டாம் நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "குரங்கு குசினிக் கூரையில் ஏறி ஓடு உடைத்தது. நான் பூவரசந்தடியால் அடித்தேன். குரங்கு போய்விட்டது. தடி முறிந்தது." மறுநாள் காலையில், தேநீர்க் கோப்பையோடு வந்து, "நாளைக்கு ஓடு மாத்துவம், நான் ஏறுறன், நீ ஏணியைப் பிடி" என்றான். துள்ளாதே. அதற்குப் பிறகு மூன்று நாள் மறுபடியும் சாப்பிட்டேன், படுத்தேன்தான். ஏணியைப் பிடித்த எனக்கோ இடுப்புப் பிடிப்பு.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. 1982 வைகாசியில் நாம் மூவரும் ஒரே சைக்கிளில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனோமே, அதைக் கேட்டால் "பொங்கலுக்குப் போறனாங்கள்" என்கிறான். அந்த ஒரு நாள் பயணம் நினைவுக்கு வருவதில்லை. தண்ணீரூற்றில் சங்கிலி அறுந்ததும் (உன் பாரத்தால்தான், வழக்காடாதே), அவன் கரியரில் இருந்து விழுந்ததும், அந்தக் கிழவி தண்ணீர் தந்ததும் உனக்கு நினைவிருக்கும். யார் என்ன உடுத்தியிருந்தோம், யார் என்ன சொன்னோம், எல்லாவற்றையும் அவன் பெயருக்கே ஒரு கடிதமாக எழுதி அனுப்பு. சங்கிலியை எதைக்கொண்டு பொருத்தினோம் என்பதை மட்டும் எழுதாதே. அதைச் செய்தது அவன், அவனிடமே கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
செல்வம்