தோற்காத அரசை வரையும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ மின்னஞ்சலில் அனுப்பிய சித்திரக்கதைப் பக்கங்களைக் கைப்பேசித் திரையில் படிக்க என் கண் ஒத்துழைக்காததால், கடைத்தெருவில் கொடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்து வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அத்தை வந்திருந்தபோது அவரிடமும் காட்டினேன். அரண்மனைத் தூண்களையும் யானைத் தந்தங்களையும் நீ வரைந்திருக்கும் நுணுக்கத்தைப் பார்த்து, "இவன் கை அப்படியே இவன் தாத்தாவின் கை" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

கதையைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. யார் கண்ணுக்கும் படாமல் மறைந்திருக்கும் ஓர் ஆப்பிரிக்க அரசு, அந்நியர் எவரும் வெல்ல முடியாத கோட்டை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அபூர்வ ஆற்றல், அதைத் தாங்கி நிற்கும் இளம் அரசன் என்று உன் சூப்பர் ஹீரோ குடும்பத்தை நீ அழகாகக் கட்டியிருக்கிறாய். ஆனால் அந்த அரசனின் தாயை மூன்றாம் பக்கத்திலேயே சாகடித்துவிட்டாய். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அவ்வளவு பெரிய அரண்மனையில் தனியாகவே நடக்கிறான், தனியாகவே உட்கார்ந்திருக்கிறான். கதைக்கு அது தேவை என்று நீ சொல்லலாம். உன்னைப் பெற்ற மண்ணின் கதை அப்படி இல்லை என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நீ பிறந்தது நைஜீரியாவின் பெனின் மாநகரில்; கற்பனை செய்வதற்கு முன்னால் நீ கேட்டு வளர்ந்தது அந்த அரச குடும்பத்தின் கதையைத்தான்.

இடியாவை மறந்துவிட்டாயா? பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மகன் எசிகியே ஓபாவாக, அதாவது பெனின் அரசனாக, அமர்வதற்கு முன், உடோ என்னும் ஊரை ஆண்ட அவன் சகோதரன் அருவாரனுடன் அரியணைக்காகப் பெரும் போர் மூண்டது. அந்தப் போரிலும், பிறகு வடக்கிலிருந்து இகலா நாட்டார் படையெடுத்து வந்தபோதும், மகனுக்காகப் படை திரட்டியவர் இடியா. போருக்குப் போன ஒரே பெண் என்று பெனினின் எடோ மக்கள் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். மூலிகையும் மந்திரமும் அறிந்தவர் என்றும், அந்த ஆற்றலே மகனுக்குத் துணை நின்றது என்றும் நம்புகிறார்கள். வெற்றிக்குப் பின் எசிகியே தன் தாய்க்கு இயோபா என்ற பட்டத்தை உருவாக்கி, உசெலுவில் தனி அரண்மனையும் அமைத்துக் கொடுத்தான். அதற்குப் பின் வந்த ஓபாக்களின் தாய்மார் அனைவரும் அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். மகனின் ஆற்றலுக்கு வேர் தாயிடம் இருந்தது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டு அதற்குப் பட்டம் கட்டிய கதை இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நீ மூன்றாம் பக்கத்தில் அவளுக்குச் சிதை மூட்டியதுதான் எனக்குப் புரியவில்லை.

நானும் அப்பாவும் ஆசிரியர் வேலைக்காக நைஜீரியா போய்ச் சேர்ந்த புதிதில், 1977ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், லாகோஸில் கறுப்பின மக்களின் மாபெரும் கலை விழா நடந்தது. அதன் சின்னம், யானைத் தந்தத்தில் செதுக்கிய இடியாவின் முகம். துணியில், தபால்தலையில், சுவரில் என்று எங்கு திரும்பினாலும் அவர் முகம்தான். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம். நெற்றியில் இரும்பு பதித்த இரண்டு கோடுகள். தலையைச் சுற்றி வரிசையாகத் தாடி வைத்த போர்ச்சுகீசியரின் சிறுசிறு முகங்கள். பாதி தாழ்ந்த இமைகள். அந்த விழாவுக்காக அசல் முகத்தை இரவல் கேட்டபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தர மறுத்துவிட்டது. உடனே பெனின் சிற்பிகள் புதிதாக ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அப்பா அந்தச் செய்தியை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பார். நீ லண்டனில்தானே இருக்கிறாய், அந்த முகத்தை ஒரு முறையாவது போய்ப் பார்த்தாயா? பார்த்திருந்தால் உன் கதையின் ராணிக்கு இப்படி ஐரோப்பியக் கிரீடம் வைத்திருக்க மாட்டாய். இயோபாவின் பவள முடி முன்பக்கமாக வளைந்து கூர்ந்து நிற்கும். அதை மாற்று.

இகூன் தெருவையும் நீ வரையவில்லை. அந்தத் தெருவின் வார்ப்புக் கலைஞர்கள் ஒரு காலத்தில் ஓபாவுக்காக மட்டுமே உலோகம் உருக்கியவர்கள். ஓபாவின் தலைச்சிற்பம் வார்க்க, முதலில் களிமண்ணில் உள்ளீட்டை உருவாக்கிக் காயவைத்து, அதன்மேல் தேன்மெழுகை மெல்லிய தகடாகப் போர்த்தி, பவள மாலையின் ஒவ்வொரு மணியையும் மெழுகிலேயே உருட்டி ஒட்டுவார்கள். பிறகு நைசான களிமண்ணைப் பூசி, மேலே மேலே மண் ஏற்றிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளைக் குழம்பை ஊற்றி, ஆறிய பின் அச்சை உடைத்து எடுப்பார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் விக்கிரகங்களைக் கனமாக வார்ப்பதைப் பார்த்து வளர்ந்த உன் அப்பாவுக்கு, அவ்வளவு பெரிய தலையை உள்ளே கூடாகவும் சுவர் மெல்லியதாகவும் வார்ப்பது பெரும் வியப்பு. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே மணிக்கணக்கில் நிற்பார். உன் கதையில் வரும் ஆற்றல் வானத்திலிருந்து விழுந்ததாக இருக்கிறது. அந்தத் தெருவில் அது தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போயிற்று.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். உன் அரசு தோற்றதே இல்லை. நீ பிறந்த ஊரின் அரசு தோற்றது. 1896 நவம்பரில், ஓபா ஓவோன்ரம்வெனை அரியணையிலிருந்து இறக்க அனுமதி வேண்டும் என்றும், அரண்மனையில் கிடைக்கும் தந்தமே செலவை ஈடுகட்டிவிடும் என்றும் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி லண்டனுக்கு எழுதினான். சடங்குக் காலம், இப்போது வர வேண்டாம் என்று ஓபா சொல்லியனுப்பியும் கேளாமல் புறப்பட்டு வந்த அவனுடைய குழு, 1897 ஜனவரியில் வழியில் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே ராசன் என்ற கடற்படைத் தளபதியின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்து நகரைப் பிடித்தார்கள், அரண்மனை எரிந்தது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பித்தளைப் பலகைகளும் தலைகளும் தந்தங்களும் ஆயிரக்கணக்கில் அள்ளப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்டன. ஓபாவைக் கலபாருக்கு நாடு கடத்தினார்கள். 1914இல் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த அரசு குற்றமற்றது என்றும் நான் சொல்லவில்லை. அடிமை வணிகத்தில் அதற்கும் பங்கு இருந்தது, நரபலியும் இருந்தது. நீ வரைந்தால் அதையும் மறைக்காமல் வரை.

ஆனால் தோற்ற பின் அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று பார். பதினேழு ஆண்டுகள் அரியணை காலியாக இருந்தது. ஓவோன்ரம்வென் இறந்த அதே ஆண்டில் அவருடைய மூத்த மகன் இரண்டாம் எவெக்காவாக முடி சூட்டிக்கொண்டு, எரிந்த அரண்மனையைத் திரும்பக் கட்டினார். அவரே செதுக்கவும் வார்க்கவும் அறிந்தவர். 1938இல் அவருடைய மகன் இரண்டாம் அகென்சுவாவின் காலத்தில், தாத்தாவின் பவள முடிகளும் பவள அங்கியும் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தன. 1979 மார்ச்சில் எரெடியாவுவா முடி சூடியபோது ஊரே வெள்ளை உடுத்தித் தெருவில் நின்றது. நீ என் வயிற்றில் இருந்தாய். அன்று அள்ளிப் போனவற்றில், 2021இல் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்று தன்னிடம் இருந்த சேவல் சிற்பத்தையும், ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகம் ஓர் ஓபாவின் தலைச்சிற்பத்தையும் திருப்பிக் கொடுத்தன. 2022இல் ஜெர்மனி கொடுத்தது. 2025இல் நெதர்லாந்து 119 பொருள்களைக் கொடுத்தது. இடியாவின் முகம் இன்னும் லண்டனில்தான் இருக்கிறது. களவு போன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது நீ எனக்குத் தொலைபேசியில் அழைத்து அழாத குறையாகப் பேசினாயே, அந்த உணர்ச்சியில் கொஞ்சம்கூட இந்தப் பக்கங்களில் இல்லை. தோற்றவர்கள் தோல்வியை மறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. ஊரார் முன்னால் அதே இடத்தில் வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். அவர்களுக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. யாருக்கும் அதில் வெட்கம் இருக்க வேண்டியதில்லை. மேலவீதி வீடு போனபோது உன் அப்பா தலைகுனிந்தா நடந்தார்?

எவ்வாக்பே என்ற ஓபாவின் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். மக்கள் அவருக்கு எதிராகத் திரும்பி, ஏவலாள்களும் மற்ற மனைவியரும் கைவிட்டுப் போன பின்னும், உடன் இருந்தவள் இடென் ஒருத்திதான். அரசு திரும்ப வேண்டுமானால் உயிர்ப்பலி வேண்டும் என்று குறி சொன்னபோது, வேறு யாரும் இல்லாததால் அவளே முன்வந்தாள் என்றும், உயிருடன் புதைக்கப்பட்டாள் என்றும் சொல்வார்கள். பலர் அந்தத் தியாகத்தைப் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கதை ஒருபோதும் பிடித்ததில்லை. உடன் நின்றவளைப் பலி கொடுத்து மீட்ட அரியணையில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்றே நினைத்துக்கொள்வேன். எல்லோரும் போன பின்னும் ஒருத்தி உடனிருந்தால், முதலில் காப்பாற்ற வேண்டியது அவளையல்லவா? நான் கதையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உன் முந்தைய புத்தகங்களுக்கு வண்ணம் தீட்டியது மருமகள். ஓபாவின் பவளச் சிவப்புக்கு எந்தச் சிவப்பு சரி என்று என்னிடம் அவள் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. இந்த முறை பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகவே வந்திருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. வண்ணம் இனிமேல்தான் தீட்டுவீர்கள் போலிருக்கிறது. அவளை நான் மிகவும் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கும் அவள் பேசவில்லை. அவளுக்கும் வேலை அதிகமாக இருக்கும். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உசெலுவைப் பற்றி இன்னொன்று உண்டு. மகன் ஓபாவாகி, தாய் இயோபாவாக உசெலுவுக்குப் போன பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது பழைய வழக்கமாம். ஆள் வழியாகத்தான் செய்தி போகும், வரும். ஒரே ஊரில் அப்படி இருந்த தாய்மார்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்காவது செய்தி தவறாமல் வந்தது. நீ ஓபா இல்லை, நான் இயோபாவும் இல்லை. தொலைபேசியை எடு. பேச விருப்பமில்லையென்றால் எடுத்து வைத்துக்கொண்டாவது இரு, நான் பேசிக்கொள்கிறேன்.

கதைக்கு என் யோசனை இதுதான். அந்த அரசு ஒரு முறை தோற்கட்டும். அரண்மனை எரியட்டும். தாயைச் சாகடிக்காதே, அவள் உசெலுவில் இருக்கட்டும். அவன் போய்க் கதவைத் தட்டட்டும். தட்டிய பின் என்ன நடக்கும் என்று உனக்கு வரையத் தெரியாவிட்டால் என்னைக் கேள்.

அப்பா இகூன் தெருவில் எடுத்த புகைப்படங்கள் இருக்கும் பழைய ஆல்பத்தை இந்தக் கடிதத்துடன் அனுப்பவில்லை. அஞ்சலில் தொலைந்தால் வேறு படி கிடையாது. வந்து பார்த்துக்கொள். விடுப்பு எப்போது வேண்டுமானாலும் எடு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். மருமகளுக்குத் தனியாக ஒரு கடிதமும், அவளுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயும் உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புவதாக இருக்கிறேன். அவளுக்கு அனுப்ப வேண்டிய முகவரி வேறாக இருந்தால், காரணம் எதுவும் எழுத வேண்டாம், முகவரியை மட்டும் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா