காலப்பயணம்: இரண்டு கேள்விகளுக்கு ஒரே பதில் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலப்பயணம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் எதிர்காலத்துக்குப் போவதையும் இறந்தகாலத்துக்குத் திரும்புவதையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. முதலாவது கடிகாரம் வைத்து அளந்து பார்த்த உண்மை. இரண்டாவது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

1977 ஜூனில் அமெரிக்கா செலுத்திய என்.டி.எஸ்-2 செயற்கைக்கோளில் சீசியம் அணுக்கடிகாரம் இருந்தது. வேகமும் ஈர்ப்பும் கடிகார ஓட்டத்தை மாற்றும் என்பது ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடு; அந்த மாற்றத்தைச் சரிசெய்யும் கருவியையும் பொருத்தியிருந்தார்கள். ஆனால் அதை முடுக்காமல் 20 நாள் கடிகாரத்தைத் தன்போக்கில் ஓடவிட்டார்கள். லட்சம் கோடியில் 446.5 பங்கு வேகமாக ஓடும் என்பது கணக்கு. அளவில் கிடைத்தது 442.5. நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி. இன்றைய ஜி.பி.எஸ். கடிகாரங்களின் அதிர்வெண்ணை 10.23 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றே குறைத்து, 10.22999999543 என்று தரையிலேயே அமைத்து அனுப்புவது இதனால்தான்.

இதில் இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. வேகம் கடிகாரத்தைப் பின்தள்ளும். ஈர்ப்பு குறைந்த உயரம் அதை முன்தள்ளும். தரையிலிருந்து சுமார் 3,200 கி.மீ. உயரத்தில் இரண்டும் சரிக்குச் சரி. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ்ஸில் உயரம் வெல்கிறது. 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வேகம் வெல்வதால், அங்கு ஆறு மாதம் இருப்பவர் நம்மைவிட ஒரு நொடியில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு இளமையாகத் திரும்புகிறார். அந்த அளவுக்கு அவர் எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்தவர்தான்!

பெரிய தாவலுக்குத் தடை விதியல்ல, எரிபொருள். கப்பலில் 10 ஆண்டு கழியும்போது பூமியில் 100 ஆண்டு ஓட வேண்டுமானால், ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதம் தேவை. அந்த வேகத்தை எட்ட மட்டும், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 22,500 கோடி யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும்.

பின்னோக்கிப் போவதற்கு அமெரிக்க இயற்பியலாளர் கிப் தார்னும் இரு சகாக்களும் 1988-இல் ஒரு வழி காட்டினார்கள். புழுத்துளை என்பது வெளியின் இரு இடங்களைக் குறுக்குவழியாக இணைப்பதாகக் கருதப்படும் சுரங்கம். அதன் ஒரு வாயை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக ஓட்டிக் கொண்டுவந்தால், இரு வாய்களின் கடிகாரங்களும் வேறுபடும்; ஒன்றில் நுழைந்து மற்றதில் முந்தைய நேரத்தில் வெளிவரலாம். ஆனால் துளை மூடிக்கொள்ளாமல் தாங்க எதிர்ம ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைந்த, சுழியத்துக்கும் கீழான ஆற்றல் வேண்டும். வெற்றிடத்தில் நெருக்கமான இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் காசிமிர் விளைவில் அதன் சாயல் தெரிகிறது. அளவோ மிக மிக அற்பம். அப்படியே அமைந்தாலும், இயந்திரம் உருவான காலத்துக்கு முன்னால் போக முடியாது. பழைய சரித்திரத்தை நேரில் பார்க்கும் ஆசைக்கு இதில் இடமே இல்லை. அத்தகைய இயந்திரம் உருவாவதையே இயற்கை தடுத்துவிடும் என்று 1992-இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னது இன்றும் நிரூபிக்கப்படாத ஊகம். ஈர்ப்பையும் அணுத்துகள்களின் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு முழுமையாகாமல் அதைத் தீர்க்க வழியில்லை.

எனவே 'கால இயந்திரம் தயார்' என்று செய்தி வந்தால், எதிர்ம ஆற்றல் எவ்வளவு, அதை எப்படிப் பெற்றார்கள் என்று கேட்டுவிட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்