அபராதம் கட்டினால் கடமை தீர்ந்ததா?

பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களிடம் அபராதம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பல வருஷம் வகுப்பாசிரியையாக இருந்தவள் நான். கூட்டத்தன்று காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, 'காசு போனால்தான் இவர்களுக்குச் சுரணை வரும்' என்று நானும் பொருமியிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளி அதைச் செய்தும் பார்த்தது. ஒரே ஒரு பருவம்தான்.

கூட்டம் நிரம்பியது உண்மை. ஆனால் ஒரு பையன் முந்தின நாளே ஒரு கவரை நீட்டினான். உள்ளே அபராதத் தொகை, சில்லறை பிசகாமல். "அப்பா நாளைக்கு வர மாட்டாராம் டீச்சர், இதைக் கொடுக்கச் சொன்னார்." இன்னொருவர் வந்தார், நின்றபடியே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், "அவ்வளவுதானே?" என்று கிளம்பிவிட்டார். அவருடைய மகன் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அதைக் காட்டத்தான் அவன் நோட்டைக் கையில் வைத்திருந்தேன். நான் அதைப் பிரிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

இது எங்கள் பள்ளியின் தலையெழுத்து மட்டுமல்ல. 1998இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களை வைத்து யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, ஆறு காப்பகங்களில் மட்டும் 10 ஷெக்கல் அபராதம் வைத்தார்கள். தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள்! அதுவரை 'பாவம், டீச்சர் நமக்காகக் காத்திருப்பாரே' என்ற கூச்சம் இருந்தது. தொகை குறித்ததும் அது காத்திருப்புக் கட்டணமாகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்தும் பழைய நிலை திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான்.

இங்கிலாந்தில் பிள்ளை அனுமதியில்லாமல் மட்டம் போட்டால் பெற்றோருக்கு அபராதம். 2024 ஆகஸ்ட் முதல் அது 80 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இதில் பெரும்பாலானவை பள்ளி நாட்களில் குடும்பத்தோடு சுற்றுலா போனதற்காக விதிக்கப்படுபவை. விடுமுறைக் காலத்து விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அபராதம் கட்டுவதே லாபம் என்று கணக்குப் போடுகிற குடும்பங்கள் உண்டு. வசதி இருப்பவருக்கு அது பயணச் செலவோடு சேரும் இன்னொரு செலவு, அவ்வளவுதான். பிரான்ஸ் 2010இல், மட்டம் போடும் பிள்ளைகளின் குடும்ப உதவித்தொகையை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்து, 2013இல் அதைக் கைவிட்டது.

நாள்கூலிக்குப் போகிறவரோ கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழக்கிறார், வராவிட்டால் உங்களுக்குத் தண்டம் கட்டுகிறார். அவரை எந்தப் பக்கம் தள்ளப் பார்க்கிறீர்கள்?

தொகையை முடிவு செய்வதற்கு முன், தொடர்ந்து வராதவர்களின் பட்டியலை எடுத்து ஆளுக்கொரு போன் போடுங்கள். எந்த நேரம் தோதுப்படும் என்று கேளுங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தது யாருடைய வசதிக்காக? (எங்கள் வசதிக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

நோட்டைப் பார்க்காமல் போனவரை அன்று ராத்திரி போனில் பிடித்தேன். முதலில் "ஃபைன் ஏதும் பாக்கியா டீச்சர்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "கண்ணாடி போட்டா அவனுக்குச் சரியாயிடுமா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை