கார்க் நான் கொண்டு வருகிறேன்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆடி வெள்ளி

கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்தது. வேஷம் எடுப்பாக இருக்கிறது. அம்மா கோயிலில் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் போனை நீட்டிக் காட்டிவிட்டாள். ஆயாவும் பார்த்தாயிற்று.

அந்த ஷூவை யார் கொடுத்தார்கள்? குதி 5 சென்டிமீட்டருக்குக் குறையாது. இத்தனை வருஷம் ஷூ ஃபேக்டரியில் குதி அடித்த கண் தப்புமா? உன் இடது செயற்கைக்கால் 1 சென்டிமீட்டர் குதிக்குத்தான் பூட்டியது. குதி ஏறினால் பாதத்தோடு, உன் கால் நுழைகிற சாக்கெட்டும் முன்னால் சாயும், முழங்கால் தானாக மடங்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத் தொடை படாத பாடு படும். உள்ளே எலும்பு நுனி முன்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும். படத்தில் பாரம் முழுவதும் உன் வலது காலில் இருக்கிறது.

"நல்லா இருக்கேன்ப்பா." மூன்று வாரமாக இந்த ஒரு வரிதான்.

உடை பார்க்கிறவர்களிடம் சொல். குதி உயரமாகத்தான் வேண்டுமென்றால், முன்பாதத்துக்கு அடியில் 4 சென்டிமீட்டர் ஏற்றட்டும், இரண்டு ஷூவுக்கும். பின்னால் 5, முன்னால் 4, வித்தியாசம் அதே 1. மரம் வேண்டாம், கனம் இழுக்கும். கார்க் போடட்டும். அவ்வளவு தடித்த அடி வளையாது, அதனால் முனையை மேல்நோக்கிச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் தட்டும்.

மேடை வேண்டாம் என்றபோது நாட்டியக்காரி சுதா சந்திரனைச் சொல்லித்தானே எங்கள் வாயை அடைத்தாய். 1981இல் திருச்சிப் பக்கம் பஸ் விபத்து, அப்புறம் ஜெய்ப்பூர் கால், 1985இல் 'மயூரி', தன் கதையில் தானே நடித்தார். எல்லாம் சரி. ஆனால் ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு நடப்பதற்கென்றே செய்தது. பரதத்துக்குக் குதி கிடையாது. உனக்கு இருக்கிறது.

பொழுது போகப் போக சாக்கெட்டுக்குள் இருக்கிற கால் சுருங்கும். காலையில் போட்ட சாக்ஸ் ராத்திரிக் காட்சிக்குத் தொளதொளக்கும், அதன்மேல் போட மெல்லியது ஒன்று பையில் இருக்கட்டும். விளக்குச் சூட்டில் வேர்த்தால் இடைவேளையில் கழற்றிக் காலையும், உள்ளே மாட்டுகிற லைனர் உறையையும் துடை, ஈரத்தோடு மாட்டாதே. ராத்திரி கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பார். சிவப்பு பத்து நிமிஷத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் மறுநாள் ஊன்றுகோல்தான், காட்சி இருந்தாலும் சரி. தோல் பிய்ந்தால் எத்தனை வாரம் படுக்கை என்று உனக்குத் தெரியும்.

குதியைப் பற்றி இன்றைக்கே சொல்லிவிடு.

சொல்ல மாட்டாய். நிகழ்ச்சிக் குறிப்பில் போட உன் சின்ன வயசுப் படம் கேட்டாயே, அதற்காக நேற்று ஆல்பத்தை எடுத்தோம். ஆறு வயசுக்குப் பிறகு உனக்கு முழுப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடுப்போடு நிற்கிறது. பெரியக்கா கல்யாணத்தில் உன்னை நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னது நான். கேமரா பிடித்ததும் நான். நீ ஒன்றும் கேட்காமல் போய் நின்றாய். வலித்தாலும் வாய் திறக்காத பழக்கம் அங்கேதான் தொடங்கியிருக்கும். தப்பு என்னுடையது, கண்ணு.

அம்மா அனுப்புகிற ஊறுகாயைப் பிரிஜ்ஜில் வை. அடுத்த வெள்ளி ராத்திரி பஸ்ஸில் ஜோஹன்னஸ்பர்க் வருகிறோம். கார்க், கத்தி, பசை எல்லாம் நான் கொண்டு வருகிறேன். ஷூவின் அடியைக் காகிதத்தில் வைத்து வரைந்து படம் எடுத்து அனுப்பு. உன் காலையும் படம் எடுத்து அனுப்பு.

அப்பா