செயலாளர் ஆண்டறிக்கை: குழாய் கழுவலும் கடைசி வீட்டுத் தண்ணீரும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள், சந்தா, மின்கட்டணம் பற்றிய விபரங்களைப் பொருளாளர் கணக்கறிக்கையில் வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் எங்கள் குடிநீர்த் திட்டத்தின் குழாய் கழுவலைப் பற்றியது. ஆண்டு முழுவதும் பாவனையாளர் சொன்ன முறைப்பாடு ஒன்றுதான்: விடியப்புறம் பிடிக்கிற முதல் வாளித் தண்ணீர் காவி, வெள்ளை உடுப்பில் கறை.

எங்கள் குழாய்க்கிணற்று நீரில் கரைந்த இரும்பு உண்டு. இறைக்கும்போது தெளிவாகத்தான் வரும். காற்றும் குளோரினும் பட்டதும் துருவாகத் திரண்டு, ஓட்டம் மந்தமான இடத்தில் குழாயின் அடியில் படிந்துவிடும். மங்கனீசும் சேர்ந்தால் படிவு கறுக்கும். பொங்கல், திருவிழா நாட்களில் எல்லா வீட்டிலும் ஒரே நேரம் தண்ணீர் திறபட, அந்தப் படிவு கிளம்பி வருகிறது. கறையை விடக் கவலையான விடயம், படிவு குளோரினைத் தின்றுவிடுவது. தாங்கியில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தும் கடைசி வீட்டில் 0.2 கூட நிற்பதில்லை. குளோரின் தூளைக் கூட்டிப் போட்டால் தாங்கிக்குப் பக்கத்து வீடுகளில் மணம் கூடும், அவ்வளவுதான்.

முன்பு கடைசி வாஷவுட்டை, அதாவது குழாய் நீரை வெளியே விடும் வால்வை, பாதி திறந்து, நீர் தெளியும்வரை விட்டோம். மணிக்கணக்காகத் தண்ணீர் ஓடியது, படிவு கிடந்த இடத்திலேயே கிடந்தது. செக்கனுக்கு 1 மீற்றர் வேகமாவது இல்லாமல் அடியில் உள்ளது அசையாது, 1.5 மீற்றர் கிடைத்தால் நல்லது. எங்கள் தாங்கியின் உயரத்துக்கு நீண்ட கிளைகளில் 1.5 எட்டாது என்பதால் அங்கே 1 மீற்றரே இலக்கு. அளக்க 200 லீற்றர் பரல் ஒன்று போதும். அது 63 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 73 செக்கனிலும், 90 இல் 36 செக்கனிலும், 110 இல் 24 செக்கனிலும் நிரம்பினால் வேகம் 1 மீற்றர். கூட நேரம் எடுத்தால் எங்கோ ஒரு வால்வு முழுதாகத் திறபடாமல் இருக்கலாம்.

இப்போது முதலில் தாங்கியைக் கழுவுகிறோம். பிறகு தாங்கிப் பக்கத்திலிருந்து கடைசியை நோக்கி, ஒரு நேரத்தில் ஒரு கிளை. பக்கக் கிளைகளின் வால்வுகளைப் பூட்டினால்தான் முழு அழுத்தமும் அந்த ஒரு குழாய்க்குக் கிடைக்கும். கழுவின குழாய்க்கூடாகவே அடுத்ததற்குத் தண்ணீர் போகவேண்டும். மாறிச் செய்தால் கழுவினது திரும்ப அழுக்காகும். குழாய் கொள்ளும் நீரைப்போல மூன்று மடங்கு வெளியேற்றுகிறோம். 100 மீற்றர் 63 மி.மீ. குழாய்க்கு அது சுமார் 820 லீற்றர், அதாவது நாலு பரல். அதற்குப் பிறகும் கலங்கல் வந்தால் தொடர்கிறோம்.

வால்வைச் சட்டென்று பூட்டக்கூடாது. ஓடுகிற நீர் திருப்பி அடித்து பீ.வீ.சீ. மூட்டு கழன்றுவிடும். கைப்பிடியின் சுற்றுகளை எண்ணிப் பூட்டி, அதே எண்ணிக்கையில் திறந்து, கொப்பியில் எழுதுகிறோம். திறக்க மறந்த ஒரு வால்வு நல்ல குழாயை, நீர் அப்பால் ஓட வழியில்லாத முட்டுக்குழாய் ஆக்கிவிடும். கழுவும்போது மேட்டு வீட்டுக் குழாயில் நீர் வராமல் போனால் வாஷவுட்டை உடனே சற்றுக் குறைக்கவேண்டும். அழுத்தம் இல்லாத குழாய், கசிவுள்ள இடத்தில் வெளி அழுக்கை உறிஞ்சும். அதே காரணத்தால் வாஷவுட் வாய் குழித்தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கக்கூடாது. வெளியேறும் நீர் கிரவல் வீதியை அரிக்காதபடி வாயில் சாக்குக் கட்டி வாய்க்காலுக்கு விடுகிறோம். குளோரின் இருப்பதால் குளத்துக்குள் விடுவதில்லை.

கழுவும் இரவில் வீட்டுக்காரர் மானிக்கு முன்னுள்ள வால்வைப் பூட்டிவையுங்கள். காலையில் முற்றத்துக் குழாயைத் திறந்து, தெளிந்த பிறகு உள்ளே எடுங்கள். முதல் தண்ணீரைப் பில்டருக்குள் விட்டால் அது அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கிளையிலும் கழுவ முன்னும் பின்னும் குளோரின் அளவை நிறத்தால் காட்டும் டி.பி.டி. வில்லையால் குளோரின் பார்க்கிறோம். இரண்டு வாசிப்பும் இல்லாத கிளையைக் கழுவி முடிந்ததாகக் கணக்கெடுப்பதில்லை. இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது இலங்கையின் குடிநீர்த் தராதரமான எஸ்.எல்.எஸ். 614. கிணற்றடியில் காற்றூட்டி வடிக்கும் தொட்டி அமையும்வரை படிவு திரும்பத் திரும்ப வரும். கழுவல் அதற்கு மாற்று அல்ல.

சபையின் முன் இரண்டு கோரிக்கைகள். குழாய் பதித்தபோது வாஷவுட் வைக்காமல் விட்ட முட்டுமுனைகளில் 50 மி.மீ. வாஷவுட் பொருத்தப் பணம் ஒதுக்கவேண்டும். கழுவலை ஆண்டுக்கு இருமுறை ஆக்கவேண்டும்: மாரி முடிந்து கிணற்று நீர் உயர்ந்திருக்கும் தை, மாசியில் ஒன்று, வைகாசிப் பொங்கலுக்கு முன் முட்டுமுனைகளில் மட்டும் ஒன்று.

செயலாளர்