பதினான்காம் வாரத் தடுப்பூசி நாளில் மூன்று நிமிடம்: காவிரிப் படுகைச் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சுகாதார அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வலங்கைமான் வட்டத்தில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான், பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடலசைவு குறைபடும் நிலை) உள்ள குழந்தைகள் என்னிடம் வந்துசேரும் வயதைப் பற்றி எழுதுகிறேன். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பிறகு, அதே மாதத்தில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான், அவர்களைத் தூக்கி வருகிறார்கள். சென்ற ஆண்டு இருபது மாதப் பேரனோடு வந்த ஒரு பாட்டி, "மூணாம் மாசத்துலயே கால்ல போட்டுக் குளிப்பாட்டுறப்ப விறைப்பாத்தான் இருந்துச்சுங்க, ஆஸ்பத்திரியில சொன்னேன், சில பிள்ளைக லேட்டாத்தான் நடக்கும், பொறுங்கன்னுட்டாங்க" என்றார். எண்ணெய் தேய்த்துப் பழகிய அந்தக் கைகள் உணர்ந்ததைச் சரிபார்க்க ஒரு முறை இருந்தும், அது அவரை எட்டவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

வியன்னாவில் பிறந்து, நெதர்லாந்தின் குரோனிங்கனில் நெடுங்காலம் ஆராய்ந்த ஹெய்ன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. குழந்தையைத் தட்டியும் இழுத்தும் சோதிப்பதற்கு மாறாக, அதை மல்லாக்கப் படுக்கவைத்து, தானாக அது கைகால் அசைப்பதைப் படமெடுத்துப் பொறுமையாகப் பார்த்தார். பேறுகாலக் கணக்குத் தேதியிலிருந்து (பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து) ஏறத்தாழ 9 முதல் 20 வாரம் வரை, கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று எல்லாத் திசைகளிலும் சிறுசிறு அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவரும் உடன் ஆய்வாளர்களும் 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, இவ்வசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேருக்கு நரம்பு வளர்ச்சி இயல்பாக அமைந்தது. இயல்பு மாறியிருந்த அல்லது அறவே இல்லாதிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னர் நரம்பியல் குறைபாடு தெரிந்தது. இதற்கு வேண்டியவை ஒரு பாய், ஒரு படக்கருவி, பயிற்சி பெற்ற கண்கள், அவ்வளவே.

நம் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் தாய்மார்கள் துணை சுகாதார நிலையத்துக்குத் தவறாமல் வருகிறார்கள். அந்தப் பதினான்காம் வாரம் இந்தக் காலத்தின் நடுவிலேயே விழுகிறது. குழந்தைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வருகிறது என்றாலும், பதினோரு வாரமே நீடிக்கும் ஓர் அறிகுறியை அந்த இடைவெளியில் தவறவிடுவது எளிது. ஆகவே, குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்தவுடன் அழாதவர்கள், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீடு திரும்பியவர்கள் ஆகியோரையாவது அன்று கிராம சுகாதாரச் செவிலியர் மூன்று நிமிடம் கைபேசியில் படமெடுத்து, மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

சில நடைமுறைகளில் கவனம் வேண்டும். ஊசி போட்ட பின் அழும் குழந்தையிடம் இதைக் காண முடியாது என்பதால் ஊசிக்கு முன்பே, விழித்து அமைதியாக இருக்கும்போது, கிலுகிலுப்பை காட்டாமல் எடுக்க வேண்டும். தூளியில் கிடக்கும் குழந்தையை எடுத்துப் பயனில்லை. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பதினான்காம் வாரம் என்பது உண்மையில் ஆறாம் வாரமே ஆகையால், அத்தகையவர்களைக் கணக்குத் தேதிப்படி தனியே மீண்டும் அழைக்க வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் நாட்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேதாரண்யம் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு தாய் வருவது எளிதன்று; அவருக்குப் பதில் அந்தக் காட்சி போகட்டும்.

படத்தைப் பார்த்தவுடன் தாயிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேற்சொன்ன 60 பேரில் மூவருக்குக் குறை ஏதும் வரவில்லை. ஆகவே ஐயத்துக்குரிய குழந்தையைக் குழந்தை நல மருத்துவர் நேரில் பார்த்த பிறகே எதையும் கூற வேண்டும். ஆனால் எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்கவைப்பது, எப்படி விளையாட்டுக் காட்டுவது என்ற பயிற்சியை அதுவரை ஒத்திப்போட வேண்டியதில்லை. மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள் அவை.

எங்கள் வட்டத்தில் முதலில் தொடங்குவதாக இருந்தால், புதன்கிழமைதோறும் காலையில் துணை சுகாதார நிலையங்களுக்கு வந்து செவிலியர்களுடன் அமர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
வலங்கைமான் வட்டம்.